எல்லோரும் சூரியன் போட்டார்கள்

போதாது, கண்ணு. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன்.

நேற்று நீ போனில் கேட்டபோது குக்கர் சத்தத்தில் சரியாகப் பதில் சொல்லவில்லை. திங்கட்கிழமை திருச்சியில் உன் முதல் வகுப்பு. பிள்ளைகள் ஒரு நிமிடத்துக்கு மேல் எதையும் பார்ப்பதில்லை, பாடத்தைக் குட்டிக் குட்டி வீடியோவாக வெட்டிப் போடுங்கள், குழுவில் எமோஜி போட்டுப் பேசுங்கள், அப்போதுதான் நெருங்கி வருவார்கள் என்று உன் துறைத் தலைவர் சொல்லியிருக்கிறார். "படம் போட்டாப் போதுமாம்மா? மரியாதை போயிடாதா?" என்று கேட்டாய். மரியாதை போகாது. அது போவதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. போதுமா என்பதுதான் கேள்வி. அதற்கு வாட்ஸப்பில் பதில் எழுதினால் நீ ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு உன் வேலையைப் பார்ப்பாய். அதனால் கடிதம்.

ருக்மணி என்று ஒரு மாணவி. அவளை வைத்துத்தான் இதைச் சொல்ல முடியும். பேரிகைப் பெண். ஓசூரில் தொழிற்சாலை வேலை, ஹாஸ்டல் வாசம், ஞாயிற்றுக்கிழமை எங்கள் கல்லூரி வகுப்பு. இன்னும் சில வாரங்களில் அவள் கடைசித் தேர்வை எழுதவேண்டும். எழுதுவாளா, வீட்டோடு இருந்துவிடுவாளா என்பது இந்த வரியை எழுதும்போது எனக்குத் தெரியாது.

முதலில் உன் அப்பா. தினமும் காலையில் ரோஜாப்பூப் படம் ஒன்றை எல்லோருக்கும் அனுப்புகிறாரே, நீகூட அதைத் திறக்காமலே வைத்திருக்கிறாய் என்று குறைப்படுகிறாரே, அந்தப் பூ. போன மாதம் ஒரு நாள் சார்ஜர் வேலை செய்யவில்லை. பூ போகவில்லை. எட்டு மணிக்கெல்லாம் ராயக்கோட்டை அத்தை எனக்கு போன் செய்தாள். "அண்ணி, பூ வரலை. அண்ணனுக்கு ஒண்ணும் இல்லியே?" பக்கத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் போனை வாங்கி, "ஒரு நாள் பூ அனுப்பலைன்னா ஆளையே அனுப்பிடுவியா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தேன். அந்தப் பூவை அத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை. வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறாள். சில படங்கள் அப்படி. இருக்கிறேன் என்று சொல்லும். எப்படி இருக்கிறேன் என்று சொல்லாது.

என் ஞாயிறு வகுப்பு உனக்குத் தெரியும். ஹாஸ்டல் ஹால், பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை. நாற்பது சொச்சம் பெண்கள். ஒருத்தி வீட்டில் தெலுங்கு, ஒருத்தி வீட்டில் கன்னடம், ஒருத்தி உருது, மீதிப் பேர் தர்மபுரித் தமிழும் திருநெல்வேலித் தமிழும். பாடப்புத்தகம் ஆங்கிலம். பாடம் புள்ளியியல். ஸ்டாண்டர்ட் டீவியேஷன் என்று சொன்னால் பயந்தார்கள். திட்ட விலக்கம் என்று சொன்னேன். இன்னும் பயந்தார்கள்.

படம் அங்கேதான் உதவியது. அதை மறைக்கமாட்டேன். ராயக்கோட்டை மண்டிக்குப் போனபோது இரண்டு பிளாஸ்டிக் கிரேட் தக்காளியைப் படம் எடுத்தேன். ஒன்றில் எல்லாம் ஒரே அளவு. இன்னொன்றில் எலுமிச்சை அளவும் இருக்கிறது, கை நிறையும் அளவும் இருக்கிறது. இரண்டுக்கும் சராசரி எடை ஒன்றுதான். எதை வாங்குவீர்கள் என்று வீடியோவில் கேட்டேன். அந்த வாரம் ஹாலில் பேச்சு அடங்கவில்லை. "ரெண்டையும் வாங்க மாட்டேன் மேடம். மேல நல்லதா அடுக்கிட்டு அடியில பொடிசு வெச்சிருப்பாங்க" என்றாள் ருக்மணி. அவள் வீட்டில் தக்காளி போடுகிறார்கள். அவளுக்குத் தெரியும். சராசரி எதை மறைக்கிறது என்று நான் அரை மணி நேரம் பேசியிருந்தாலும் அந்தச் சிரிப்பு வந்திருக்காது. ஒரு படம், ஒரு கேள்வி. மொழி குறுக்கே வரவில்லை. ஆகவே துவக்கத்துக்குப் படம் போடு. தயங்காமல் போடு.

தவறு அதற்கு அடுத்த படியில் நடந்தது.

நீ எல்.கே.ஜி. படித்தபோது, ஒழுங்காக எழுதினால் மிஸ் உன் கையில் சிவப்புப் பேனாவால் நட்சத்திரம் போட்டு அனுப்புவார்கள். அன்று குளிக்கும்போது கையைத் தூக்கிப் பிடித்துக்கொள்வாய். ஒரு நாள் இடது கையில் ஒரு நட்சத்திரத்தோடு வந்தாய். நான் பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டேன். மிஸ் எதிரில் நின்று போட்டால் நட்சத்திரத்தின் மேல்கூர் உன் மணிக்கட்டைப் பார்க்கும். இது உன் விரலைப் பார்த்தபடி இருந்தது. "நீயே போட்டுக்கிட்டியா?" என்றேன். "மிஸ்ஸுக்கு நேரம் இல்லம்மா, அதான்" என்றாய். பொய் சொன்ன முகம் இல்லை. மிஸ்ஸுக்கு ஒரு வேலையைக் குறைத்துவிட்ட முகம். உன் அப்பா நாலு நாள் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அந்த நட்சத்திரம் எனக்கு இந்த வருஷம்தான் ஞாபகம் வந்தது. தாமதமாக.

குழுவில் ஓர் ஏற்பாடு செய்திருந்தேன். தினம் ஒரு நிமிட வீடியோ. பார்த்துவிட்டு, புரிந்தால் சூரியன், பாதி புரிந்தால் மேகம், புரியாவிட்டால் மழை போடவேண்டும். எதைப் போட்டாலும் பங்கேற்புக்கு மதிப்பெண் உண்டு. முதல் வாரம் கொஞ்சம் மழை பெய்தது. மழை போட்டவர்களை ஞாயிறன்று முன்வரிசையில் உட்காரவைத்துத் தனியாக விளக்கினேன். அக்கறையாகத்தான் செய்தேன். அடுத்த வாரம் மழை இல்லை. அதற்கடுத்த வாரம் மேகமும் இல்லை. எல்லோரும் சூரியன் போட்டார்கள். துறைக் கூட்டத்தில் அந்தத் திரையைக் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

உன் அப்பாவிடம் போனைக் காட்டியபோது அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். தரக்கட்டுப்பாட்டில் அத்தனை வருஷம் இருந்தவர். "எங்க செக்‌ஷன்ல இப்படி எல்லாமே ஓகேன்னு ஷீட் வந்தா கையெழுத்துப் போட மாட்டோம். அளந்தியா, இல்ல டீ குடிச்சுக்கிட்டே எழுதினியான்னு கேப்போம்" என்றார். "இது ஃபேக்டரி இல்ல" என்றேன். "ஆமா. நீ ஸ்டாடிஸ்டிக்ஸ் டீச்சர்" என்று சொல்லிவிட்டு செய்தித்தாளை எடுத்துக்கொண்டார்.

உள்தேர்வு வைத்தேன். திட்ட விலக்கம் பாதிப் பேருக்கு வரவில்லை. ருக்மணியின் தாளில் ஒரு அட்டவணை இருந்தது. அதை அழித்து மறுபடி அதே அட்டவணை. மறுபடி அழிப்பு. விடை இல்லை. மதிப்பெண் போட்ட அன்று மாலை குழுவில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்தது. ருக்மணி வெளியேறினார்.

ஞாயிறன்று வகுப்பு முடிந்ததும் அவள் அறைக்குப் போனேன். அவள் இல்லை. அறைத்தோழி மும்தாஜ் இருந்தாள். கிருஷ்ணகிரிக்காரி. வாய் ஓயாது.

"ஊருக்குப் போயிட்டா மேடம். லீவு சொல்லிட்டுத்தான் போயிருக்கா. மாசக் கடைசிக்குள்ள வரலைன்னா வேலையும் போயிடும்."

"ஏன் போனாள்?"

"படிப்பு ஓடுற வரைக்கும் ஹாஸ்டல்ல இரு, நின்னுபோச்சுன்னா வீட்டுக்கு வந்துடுன்னு அவங்கப்பா சொல்லித்தான் அனுப்பியிருக்கார். அவர் கூப்பிடுறதுக்கு முன்னாடி இவளே கிளம்பிட்டா. டிகிரி முடிச்சா குவாலிட்டிக்கு மாத்திக்கலாம், நைட் ஷிஃப்ட் இல்லன்னு ரொம்ப ஆசையா இருந்தா மேடம்."

"தினமும் சூரியன் போட்டாளே?"

மும்தாஜ் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

"அவ எங்க மேடம் போட்டா? போனை கம்பெனிக்குள்ள எடுத்துட்டுப் போக விடமாட்டாங்க. எல்லாப் போனும் ரூம்லதான் கிடக்கும். ஷிஃப்ட் முடிஞ்சு வர்றதுக்குள்ள தண்ணி நின்னுடும். அதனால ரூம்ல யாரு இருக்காங்களோ, அவங்க எல்லார் பக்கெட்டும் புடிச்சு வெச்சிடணும். காஞ்ச துணி எடுத்து வெச்சிடணும். சாப்பாட்டுத் தட்டை மூடி வெச்சிடணும். அப்படியே எல்லார் போன்லயும் சூரியன் போட்டுடுவோம். லாக் எல்லாத்துக்கும் ஒண்ணுதான்."

"மழை போட்டிருக்கலாமே?"

"அடுத்தவ போன்ல எப்படி மேடம் மழை போடுறது? நீங்க முன்னாடி உக்கார வெப்பீங்க."

"வீடியோ பார்க்கவே இல்லையா யாரும்?"

"பார்க்கலாம்னுதான் இருக்கும். சூரியன் போட்டாச்சுன்னா பார்த்த மாதிரியே ஆயிடுது." பிறகு அவளே சொன்னாள். "ருக்மணி மட்டும் பார்ப்பா மேடம். போர்வைக்குள்ள வெச்சுப் பார்ப்பா. நோட்டுல போடுவா, அழிப்பா. போடுவா, அழிப்பா."

இதை ஏமாற்று என்று எழுத எனக்குக் கை வரவில்லை, கண்ணு. ஷிஃப்டுக்குப் போனவளின் வாளியை நிரப்பி வைப்பது அந்த அறையின் ஒழுங்கு. சூரியனையும் அவர்கள் அப்படித்தான் நிரப்பி வைத்தார்கள். நான்தான் வாளியில் பிடித்துவைக்கக்கூடிய ஒன்றை, புரிந்ததற்கு அத்தாட்சி என்று ஏற்றுக்கொண்டேன். எல்லாம் ஒரே அளவில் வந்தால் சந்தேகப்படவேண்டும் என்பது நான் நடத்தும் பாடம். அதை நான் தக்காளியோடு விட்டுவிட்டேன்.

அன்று குழுவில் எழுதினேன். இனிச் சூரியன் வேண்டாம். பங்கேற்பு மதிப்பெண்ணை எல்லோருக்கும் முழுதாகப் போட்டுவிட்டேன். கணக்கை நோட்டில் போட்டுப் பாருங்கள். எங்கே நின்றுவிட்டதோ, அந்த இடத்தில் உங்கள் விரலை வைத்து ஒரு போட்டோ. குழுவில் வேண்டாம், எனக்கு மட்டும். ஒரு எழுத்தும் எழுதவேண்டாம்.

சில நாள் எதுவும் வரவில்லை. பிறகு முதல் படம், மும்தாஜ். அவள் விரல் பாடத்தின் தலைப்பில் இருந்தது. "ஆரம்பமே நின்னுபோச்சு மேடம்" என்று ஞாயிறன்று சொல்லிச் சிரித்தாள். ஆனால் அதற்குப் பின் மற்றவர்களுடையது வரத் தொடங்கியது. வர்க்கமூலத்தில் ஒரு விரல். கழித்தல் குறியில் ஒரு விரல். சராசரி கண்டுபிடிக்கும் வகுத்தலிலேயே ஒரு விரல், அது எனக்கு அதிர்ச்சி. தெலுங்கு விரல் எது, உருது விரல் எது என்று இல்லை. வெட்டிய நகம், சூடு பட்ட தழும்பு, மருதாணி. சில நாளில் விரலைப் பார்த்தே ஆளைச் சொல்ல முடிந்தது. இதை ஒருத்திக்காக இன்னொருத்தி அனுப்ப முடியாது. அவள் எங்கே நின்றாள் என்று இவளுக்குத் தெரியாது.

ருக்மணிக்கும் தனியாக அதே செய்தியை அனுப்பியிருந்தேன். இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. இரண்டு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை.

இந்த இடம் வரைக்கும் எழுதி வைத்துவிட்டு உலையில் அரிசி போட எழுந்தபோது போன் அதிர்ந்தது. ருக்மணி. படம் மட்டும். நோட்டுத் தாள், அட்டவணை. ஒவ்வொரு எண்ணிலிருந்தும் சராசரியைக் கழித்திருக்கிறாள். கடைசியில் கூட்டியிருக்கிறாள். கூட்டுத்தொகை பூஜ்யம். அந்த இடத்தில் காகிதம் அழித்து அழித்துத் தேய்ந்து அடுத்த பக்கத்தின் கோடு தெரிந்தது. விரல் அந்தப் பூஜ்யத்தின் மேல். நகத்தோரம் தக்காளிச் செடியின் பச்சைக் கறை.

அந்தப் பூஜ்யம் சரி. அது எப்போதும் வரும். சராசரிக்கு மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒன்றையொன்று அடித்துவிடும். வந்தால்தான் அதுவரை போட்டது சரி என்று அர்த்தம். பலகையில் நடத்திய அத்தனை வருஷமும் அந்த இடத்தில் நின்று, "சைபர் வந்துச்சா? பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போவேன். பழக்கத்தில் வரும் வாக்கியம். வீடியோ ஒரு நிமிடத்தைத் தாண்டியபோது அந்த வாக்கியத்தைத்தான் வெட்டினேன். அதில் கணக்கு எதுவும் இல்லை என்று தோன்றியது.

அரிசியை அப்படியே விட்டுவிட்டுப் புடவை மாற்றினேன். "பேரிகை போயிட்டு வர்றேன்" என்றேன். "ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டா முடிஞ்சுது. இதுக்கு எதுக்கு பஸ்?" என்றார் உன் அப்பா. "மெசேஜ்தான் இவ்ளோ நாளா போட்டேன்" என்றேன். அவர் குடையை எடுத்துக் கொடுத்தார்.

பேரிகையில் பஸ் நிறுத்தத்தில் கேட்டு அவள் வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் அவள் அப்பா தக்காளியைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னதும் எழுந்து, "கூர்ச்சோண்டி மேடம்" என்று ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். பிறகு தமிழில், "மார்க் விஷயமா வந்தீங்களா? அதெல்லாம் சொல்லிட்டா. போதும் விடுங்க, எதுக்கு அதைப் போட்டு இழுத்துக்கிட்டு" என்றார்.

ருக்மணி உள்ளேயிருந்து வந்தாள். யாரும் சொல்லாமலே நோட்டு கையில் இருந்தது.

"இந்த சைபர் சரி" என்றேன்.

"எது மேடம்?"

"இதுதான். இது வரணும். வந்தாத்தான் மேல போட்டதெல்லாம் சரி."

அவள் தாளையே பார்த்தாள். "தப்புன்னு இல்ல நெனச்சேன். ஒவ்வொரு வாட்டியும் இங்கேயே வந்து நிக்குது. பரிச்சையிலயும் இதுதான் வந்துச்சு. அழிச்சிட்டேன்."

"வீடியோவில் நான் அதைச் சொல்லவில்லை."

"ஆமா மேடம். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சொல்லல." சமாதானம் எதுவும் சொல்லாமல் அவள் அப்படிச் சொன்னது எனக்கு நல்லதாகப் பட்டது.

"கூட்டினா ஒண்ணும் இல்லாம போறதுக்கு எதுக்கும்மா கூட்டணும்?" என்றார் அவள் அப்பா. நான் வாயைத் திறப்பதற்குள் ருக்மணி தெலுங்கில் ஆரம்பித்தாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஒரு பெரிய தக்காளியையும் ஒரு சிறியதையும் எடுத்தாள். ஒரு கை மேலே போனது, ஒரு கை கீழே போனது, இரண்டும் நடுவில் வந்து சேர்ந்தன. அதனால்தான் அடுத்து வர்க்கம் எடுக்கிறோம் என்பதை மட்டும் தமிழில் என்னைப் பார்த்துச் சொன்னாள். அதை நான் இன்னும் அவளுக்கு நேரில் சொல்லியிருக்கவில்லை. அடுத்த வீடியோவில் இருந்தது. அதையும் பார்த்திருக்கிறாள்.

அவர் இரண்டு தக்காளியையும் அவள் கையிலிருந்து வாங்கி அதனதன் கிரேட்டில் போட்டார். "பாஸாவாளா மேடம்?"

"தெரியலைங்க. எங்கே நின்னான்னு மட்டும் இப்பத் தெரியும்."

கொஞ்ச நேரம் தக்காளியைப் புரட்டிக்கொண்டிருந்தார். "இவ நின்னுபோச்சுன்னு சொன்னா. நீங்க வேற மாதிரி சொல்றீங்க." அவளிடம் தெலுங்கில் ஏதோ கேட்டார். அவள் தலையாட்டினாள். "சரி. பரிச்சையை எழுதட்டும். நாளைக்குக் காலையில நானே ஹாஸ்டல்ல விட்டுடறேன். பாஸாகலைன்னா அப்பறம் பாத்துக்கலாம்."

அவ்வளவுதான் நடந்தது. அவள் தேறுவாளா என்று எனக்கு உறுதி இல்லை. தேர்வில் திட்ட விலக்கம் மட்டுமே வராது.

உனக்குச் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். காட்டுவதற்குப் படம் போடு. புரிந்தது என்பதற்குப் படம் வாங்காதே, அது யார் கையிலிருந்தும் வரும். வீடியோவை வெட்டினால் வெட்டியதை அழித்துவிடாமல் தனியாக வைத்துக்கொள், யாராவது ஒருவர் சரியாக அங்கே நிற்பார். எல்லோரும் சரி என்று சொல்லும் நாளில் வகுப்பைச் சீக்கிரம் முடிக்காதே.

இன்னொன்று. நீ ஊரைவிட்டுப் போனதிலிருந்து, சாப்பிட்டாயா, அறை சௌகரியமா, தூக்கம் வருகிறதா என்று நான் கேட்கும் எல்லாவற்றுக்கும் கட்டைவிரல் வருகிறது. நானும் அதைப் பார்த்துத் திருப்தியாகத் தூங்கப் போகிறேன். தினமும் எழுதச் சொல்லவில்லை. உன் அப்பா மாதிரிப் பூவும் வேண்டாம். வேலை ஏதாவது ஓரிடத்தில் நின்றுவிட்டால், அந்த இடத்தில் உன் விரலை வைத்து ஒரு போட்டோ அனுப்பு. எனக்குப் புரியாத பாடமாக இருந்தாலும் பரவாயில்லை. திருச்சிக்கும் பஸ் இருக்கிறது.

பேரிகையிலிருந்து திரும்பி வீட்டுக்கு வந்ததும் ருக்மணியைக் குழுவில் மறுபடி சேர்த்தேன். பிறகு அரிசி களைந்தேன்.